மின்சார காரில் ஃபாஸ்டேக்கை எங்கே ஒட்டுவது?

புதிதாக மின்சார கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி பேட்டரியைப் பற்றியதாக இருக்கும். அடுத்தபடியாக அதிகம் வரும் கேள்வி கொஞ்சம் விநோதமானது. "பழைய காரில் டோல்கேட்டுக்குப் போனால் உடனே கேட் திறந்துவிடும். புதுக் காரில் நிறுத்தி, பின்னால் வந்து, முன்னால் போய், கடைசியில் ஊழியர் கையடக்கக் கருவியோடு இறங்கி வர வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் கணக்கில் பணம் இருக்கிறது. என்ன காரணம்?" என்று கேட்கிறார்கள்.

பல சமயம் பதில் ஒன்றுதான். ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும் இடம் சரியில்லை. சாதாரண கார்களில் முன் கண்ணாடியில் ஏறக்குறைய எங்கே ஒட்டினாலும் வேலை நடந்துவிடும். இன்றைய மின்சார கார்களில் அப்படி இல்லை. ஏன் இல்லை, எங்கே ஒட்ட வேண்டும், எப்படி ஒட்ட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

"ஷோரூமிலேயே ஒட்டித் தந்துவிடுகிறார்களே, இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று நினைக்கலாம். 2017 டிசம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய நான்கு சக்கர வாகனங்களில் தயாரிப்பாளரோ டீலரோ ஃபாஸ்டேக் பொருத்தித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் கண்ணாடி உடைந்து மாற்றும்போதும், டேக் பழுதாகும்போதும், வேறு வங்கிக்கு மாறும்போதும் புது டேக் தபாலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதை ஒட்டப் போவது நீங்கள்தான்.

ஃபாஸ்டேக்குக்குள் என்ன இருக்கிறது?

வெளிநாடுகளில் டோல் டிரான்ஸ்பாண்டர் என்று அழைக்கப்படும் சாதனத்தின் இந்திய வடிவம்தான் ஃபாஸ்டேக். பார்ப்பதற்கு ஸ்டிக்கர் போல இருந்தாலும் அதற்குள் ஒரு சிறிய சிப்பும், அதன் இரு பக்கமும் நெளிந்து நெளிந்து செல்லும் மெல்லிய உலோகக் கோடும் இருக்கின்றன. அந்தக் கோடுதான் ஆண்டெனா. இந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் ஆர்.எஃப்.ஐ.டி.

இதில் பேட்டரி கிடையாது. பிறகு எப்படி வேலை செய்கிறது? உங்கள் கம்ப்யூட்டரில் செருகும் பென் டிரைவை நினைத்துக் கொள்ளுங்கள். அதற்கும் பேட்டரி இல்லை. யு.எஸ்.பி. போர்ட்டில் செருகியதும் கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரம் பெற்று உயிர் பெறுகிறது. ஃபாஸ்டேக்கும் அப்படியே. வித்தியாசம், இங்கே ஒயர் இல்லை. டோல்கேட்டில் மேலே பொருத்தப்பட்டுள்ள ரீடர் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. டேக்கின் ஆண்டெனா அந்த அலையைப் பிடித்து, அதிலிருந்தே சிப்புக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக் கொள்கிறது. கண் விழித்த சிப், தன் அடையாள எண்ணை அதே அலையின் எதிரொலியில் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது.

இந்தியாவில் இதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. எஃப்.எம். ரேடியோ கேட்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸை விட இது அதிகம். வீட்டு வை-ஃபையின் 2400 மெகாஹெர்ட்ஸை விடக் குறைவு. இந்த அலையின் நீளம் சுமார் 35 செ.மீ. இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். உங்கள் பணம் ஸ்டிக்கரில் இல்லை. மின்னஞ்சல் முகவரி வேறு, அதற்கு வரும் கடிதங்கள் இருக்கும் சர்வர் வேறு அல்லவா? அதுபோல ஸ்டிக்கரில் இருப்பது அடையாளம். பணம் இருப்பது வங்கிக் கணக்கில் அல்லது வாலட்டில். இரண்டையும் இணைக்கும் வேலையை இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் நெட்வொர்க் செய்கிறது. எனவே டோல்கேட்டில் தகராறு வந்தால் அது அடையாளத்தைப் படிப்பதில் வந்த தகராறா, கணக்கில் வந்த தகராறா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மின்சார மோட்டார்தான் காரணமா?

இதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். "காருக்குள் இவ்வளவு பெரிய பேட்டரி, மோட்டார் எல்லாம் இருக்கின்றனவே, அவை சிக்னலைக் கெடுக்காதா?" என்று கேட்கிறார்கள். கெடுக்காது. மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர் வேலை செய்வது கிலோஹெர்ட்ஸ் அளவில். ஃபாஸ்டேக் வேலை செய்வது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு உயர்ந்த அலைவரிசையில். தவிர, பேட்டரி இருப்பது தரைக்கு அடியில், கனமான உலோகப் பெட்டிக்குள். முன் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் ஸ்டிக்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சிக்கல் கண்ணாடியில் இருக்கிறது. அது இரண்டு விதமாக வருகிறது.

முதலாவது, வெப்பம் தடுக்கும் பூச்சு. பெட்ரோல் காரில் ஏ.சி. ஓடினால் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். மின்சார காரிலோ ஏ.சி.யும் அதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. வெயில் அதிகமாக உள்ளே வந்தால் ஏ.சி. அதிகம் உழைக்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். எனவே சில கார்களில், குறிப்பாக விலை உயர்ந்தவற்றில், சூரிய வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியைப் போடுகிறார்கள். முன் கண்ணாடி என்பது உண்மையில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். வெப்பம் தடுக்கும் வகையில் இவற்றுக்கு இடையே வெள்ளி போன்ற உலோகத்தை மிக மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அதனால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும்.

ஆனால் ரேடியோ அலைக்கு உலோகம் உலோகம்தான். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது ஒரு தகடு போல நிற்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வை-ஃபை மோடத்தை வைத்தால் அடுத்த அறையில் சிக்னல் வராததைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். பூச்சுள்ள கண்ணாடியைத் தாண்டும்போது அலையின் சக்தி நூறில் ஒரு பங்காக, சில சமயம் அதற்கும் கீழாகக் குறைந்துவிடும். ஃபாஸ்டேக்குக்கு இது இரட்டை அடி. ரீடரின் அலை உள்ளே வரும்போது ஒரு முறை குறைகிறது. டேக்கின் பதில் வெளியே போகும்போது மறுபடியும் குறைகிறது. பேட்டரி இல்லாத சிப், வந்த அலையை வைத்துத்தான் உயிர் பெற வேண்டும். அதுவே போதாதபோது பதில் எங்கிருந்து வரும்?

இரண்டாவது சிக்கல், கேமராவும் சென்சார்களும். ஃபாஸ்டேக்கை ஒட்டப் பொதுவாகச் சொல்லப்படும் இடம், முன் கண்ணாடியின் உட்புறம், மேல்பகுதியின் நடுவில், ரியர் வியூ மிர்ரருக்குப் பின்னால். நல்ல இடம்தான். ஆனால் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6, பி.ஒய்.டி. ஆட்டோ 3 போன்ற கார்களின் உயர் மாடல்களில் அதே இடத்தைச் சாலையைக் கவனிக்கும் கேமரா பிடித்துக் கொண்டிருக்கிறது. தானாக பிரேக் போடுவதும், லேன் மாறினால் எச்சரிப்பதும் இந்தக் கேமராவின் கண்ணை நம்பித்தான். பக்கத்திலேயே மழையை அறியும் சென்சாரும் இருக்கலாம். "நடுவில் ஒட்டவும்" என்பதை அப்படியே எடுத்துக் கொண்டு கேமராவின் பார்வையில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், டோல்கேட் திறக்கும். ஆனால் பிரேக் போட வேண்டிய நேரத்தில் கேமரா குருடாக இருக்கும்.

சரியான இடம் எது?

மூன்று பேர் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். டோல்கேட் ரீடர், காரின் கேமரா, டிரைவர். மூவரும் வெவ்வேறு விதமாகப் பார்க்கிறார்கள். ஃபாஸ்டேக்குக்கு உரிய இடம் இந்த மூவரையும் திருப்திப்படுத்த வேண்டும்.

ரீடருக்கு: அந்த இடத்தில் உலோகப் பூச்சு இருக்கக் கூடாது. பூச்சுள்ள கண்ணாடி தயாரிப்பவர்கள் இதற்காகவே ஒரு சிறு பகுதியில் பூச்சு இல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். ரேடியோ அலைகளுக்கான ஜன்னல் என்று இதைச் சொல்லலாம். பெரும்பாலும் இது மிர்ரரை ஒட்டியே இருக்கும். மேலும், டேக் காரின் உலோகச் சட்டத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். அலையின் நீளம் 35 செ.மீ. என்று பார்த்தோம் அல்லவா? அதோடு ஒப்பிட்டால் ஓரிரு செ.மீ. தூரம் என்பது ஏறக்குறைய ஒட்டிக் கொண்டிருப்பதற்குச் சமம். கூரை விளிம்பு அவ்வளவு அருகில் இருந்தால் ஆண்டெனாவின் சுருதியே மாறிவிடும். குறைந்தது 5 செ.மீ., அதாவது ஏறக்குறைய மூன்று விரல் அகலம் இடைவெளி விடுங்கள்.

கேமராவுக்கு: கேமரா, மழை சென்சார் ஆகியவற்றின் முன்னால் உள்ள கண்ணாடி காலியாக இருக்க வேண்டும். கேமரா விரிந்த கோணத்தில் பார்ப்பதால் அதற்கு நேர் முன்னால் மட்டுமல்லாமல், கீழும் பக்கவாட்டிலும் கூட ஸ்டிக்கர் நுழையக் கூடாது.

டிரைவருக்கு: சாலையும் சிக்னலும் மறையக் கூடாது.

மூன்றையும் சேர்த்தால் நம் நாட்டில், வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில், வழக்கமாகக் கிடைக்கும் விடை இது: மிர்ரர் மற்றும் கேமரா பெட்டியின் இடது பக்கம், அதாவது பயணியின் பக்கம், மேல்பகுதியில், கூரை விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி. டிரைவருக்கு அந்த இடத்தின் பெரும்பகுதியை மிர்ரரே மறைத்துக் கொண்டிருக்கும் என்பதால் பார்வைக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் இது பொதுவான விடை. உங்கள் கார் மாடலுக்கு உரிய விடை காருடன் வந்த கையேட்டில் இருக்கிறது. அதில் டோல் டேக், ஃபாஸ்டேக், டிரான்ஸ்பாண்டர், ஆர்.எஃப்.ஐ.டி. ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். இப்போது பல கார்களுக்குக் கையேடு பி.டி.எஃப். கோப்பாகவே கிடைக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் வரும். இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். கையேடு சொல்வதும் இந்தக் கட்டுரை சொல்வதும் வேறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

உங்கள் கண்ணாடியில் பூச்சு உள்ளதா?

கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாலை இருட்டிய பிறகு காருக்குள் உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை முன் கண்ணாடிக்கு அருகில் பிடித்து, அதன் பிரதிபலிப்பைச் சாய்வாகப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல வெளிச்சப் புள்ளிகள் தெரியும். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் பூச்சு இல்லாத கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ நிறம் மாறித் தெரிந்தால் உலோகப் பூச்சு இருக்கலாம். அப்படியே டார்ச்சை மிர்ரரைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் அந்த நிற வேறுபாடு மறைகிறதோ அதுவே பூச்சு விடப்பட்ட ஜன்னல்.

பகலில் வெளியே நின்று பார்த்தாலும் சில கார்களில் அந்தப் பகுதி சற்றே வேறு நிறத்தில் தெரியும். ஆனால் மிர்ரரைச் சுற்றியுள்ள கறுப்புப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அவை பூச்சில்லாத கார்களிலும் இருக்கும். கண்ணாடி ஓரத்தில் உள்ள பசையை வெயிலிலிருந்து காப்பாற்றுவதற்காகவும், பசை வெளியே தெரியாமல் இருக்கவும் சுட்டெடுத்த கறுப்புப் பட்டையின் தொடர்ச்சி அவை.

இந்தச் சோதனை ஓர் அடையாளம்தான். சந்தேகம் இருந்தால் ஷோரூமில் கேளுங்கள். வாகனத்தில் டேக் பொருத்தித் தரும் பொறுப்பு அவர்களுக்கு இருப்பதால் இடத்தைக் காட்ட வேண்டியதும் அவர்கள்தான்.

என் நண்பர் ஒருவரின் கார் இதற்கு நல்ல உதாரணம். வெளிநாட்டுத் தயாரிப்பு, வெப்பம் தடுக்கும் கண்ணாடி. வாங்கிய இடத்தில் டேக்கைக் கண்ணாடியின் இடது கீழ் மூலையில் ஒட்டித் தந்துவிட்டார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு மாதம் இரண்டு முறை போகிறவர். ஒவ்வொரு டோல்கேட்டிலும் நிற்க வேண்டியிருந்தது. ஒரு முறை டேக் படிக்கவில்லை என்று சொல்லி இரு மடங்கு கட்டணம் வாங்கிவிட்டார்கள். அவர் வங்கியோடு இரண்டு மாதம் சண்டை போட்டார். வங்கி டேக்கை மாற்றிக் கொடுத்தது. புதியதையும் அதே மூலையில் ஒட்டினார். பலன் இல்லை.

என்னிடம் வந்தபோது கையேட்டைத் தேடினோம். மிர்ரருக்குப் பக்கத்தில் ஒரு சிறு செவ்வகத்தைப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். டார்ச் சோதனையும் அதையே சொன்னது. மூன்றாவது டேக் வாங்கி அந்தச் செவ்வகத்துக்குள் ஒட்டினோம். அடுத்த பயணத்தில் எல்லா கேட்டும் தானாகத் திறந்தது. அவர் குற்றம் சொன்ன வங்கிக்கும் இதில் சம்பந்தமில்லை, டோல்கேட்டுக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளித் திரை குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

ஒட்டும் முறை

ஃபாஸ்டேக் ஒரு முறை ஒட்டினால் ஒட்டியதுதான். உரித்தால் உள்ளே ஆண்டெனா கிழியும்படியே தயாரிக்கப்பட்டுள்ளது. ஒரு காரின் டேக்கை இன்னொரு காரில் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எனவே உரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

1. பழைய டேக் இருந்தால் முழுவதுமாக அகற்றவும். இரண்டு டேக்குகள் அருகருகே இருந்தால் ஒன்றின் ஆண்டெனா மற்றொன்றைப் பாதிக்கும். ஒரு வாகனத்துக்கு ஒரு ஃபாஸ்டேக் என்பது 2024-ல் நடைமுறைக்கு வந்த விதியும் கூட.

2. புது டேக்கின் பின் தாளை உரிக்காமல், செல்லோ டேப்பால் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு வெளியே வந்து, கேமராவின் எதிரில் நின்று பாருங்கள். கேமரா லென்சின் முன்னால் உள்ள பகுதியில் ஸ்டிக்கர் நுழையவில்லையே?

3. டாஷ் கேமரா, செல்போன் ஸ்டாண்டு ஆகியவை அருகில் இருந்தால் தள்ளி வையுங்கள். அவற்றில் உள்ள உலோகமும் ஒயரும் தொந்தரவு தரும்.

4. கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து நன்றாக உலர விடவும். காரை நிழலில் நிறுத்திச் செய்வது நல்லது. எண்ணெய்ப் பசையோ தூசியோ இருந்தால் கோடை வெயிலில் ஓரம் பெயர்ந்துவிடும்.

5. தாளை உரித்து, நடுவில் முதலில் அழுத்தி, பிறகு ஓரங்களை நோக்கித் தேய்க்கவும். உள்ளே காற்றுக் குமிழி வேண்டாம். மடிக்கவோ, ஓரத்தை வெட்டவோ கூடாது. ஸ்டிக்கரின் வெற்றிடம் போலத் தெரியும் பகுதியிலும் ஆண்டெனா ஓடிக் கொண்டிருக்கும்.

6. முடிந்தால் கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டாமல் தெளிந்த கண்ணாடியில் ஒட்டவும். புள்ளிகளின் மேல் பசையின் பிடிப்பு குறையலாம். கையேடே அங்கு ஒட்டச் சொன்னால் மட்டும் இதற்கு விலக்கு.

7. கடைசியாக, நம்பர் பிளேட்டும் டேக்கும் சேர்ந்து தெரியும்படி வெளியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். வாகனத்தைச் சரிபார்க்க வங்கி போட்டோ கேட்டால் உதவும். தகராறு வந்தாலும் உதவும்.

ஒட்டாமல் கையில் வைத்திருந்தால்?

சிலர் டேக்கை அட்டையில் ஒட்டிக் கையில் வைத்துக் கொண்டு டோல்கேட்டில் மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். "கண்ணாடி வழியாகத்தான் சிக்னல் போகவில்லையே, ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் என்ன?" என்று மின்சார கார் வைத்திருக்கும் ஒருவரே என்னிடம் கேட்டார். தொழில்நுட்பப்படியும் தவறு, சட்டப்படியும் தவறு.

நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். விரல்கள் ஆண்டெனாவின் மேல் பட்டால் டேக் பாதி செவிடாகிவிடும். அடுத்து, ரீடரின் பார்வை கண்ணாடியை நோக்கி அமைக்கப்பட்டது, கதவு ஜன்னலை நோக்கி அல்ல.

சட்டத்தைப் பார்த்தால், 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. செல்லத்தக்க டேக் இல்லாமல் வந்தால் இரு மடங்கு கட்டணம் என்றார்கள். 2024 ஜூலையில், வேண்டுமென்றே முன் கண்ணாடியில் ஒட்டாமல் வருபவர்களுக்கும் இரு மடங்கு வசூலிக்கும்படி தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், கையில் பிடித்துக் காட்டப்படும் டேக்குகளை உடனே கறுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி அறிவித்தது. பட்டியலில் போன டேக், பணம் இருந்தாலும் செல்லாது. 2025 ஆகஸ்ட் 15 அன்று தனியார் கார்களுக்கு ரூ.3,000 கட்டணத்தில் ஆண்டு பாஸ் அறிமுகமானபோதும், டேக் கண்ணாடியில் முறையாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது.

ஒட்டிய பிறகும் வேலை செய்யவில்லையா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் பவர் வருகிறதா என்று முதலில் பார்ப்போம், பிறகுதான் விண்டோஸைக் குறை சொல்வோம். இங்கும் அதே முறைதான். டோல்கேட்டில் நின்றுவிட்டால் ஊழியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டேக் படிக்கவே இல்லையா, படித்துவிட்டு மறுக்கிறதா?"

படித்துவிட்டு மறுக்கிறது என்றால் ரேடியோ வேலை சரியாக நடக்கிறது. தவறு கணக்கில். பணம் குறைவாக இருக்கலாம். வாடிக்கையாளர் விவரம் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். புதுக் கார் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பதிவு எண் வருவதற்கு முன் சேசிஸ் எண்ணில் டேக் கொடுத்திருப்பார்கள். பதிவு எண் வந்ததும் அதை வங்கியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டேக் முடக்கப்படும்.

படிக்கவே இல்லை, ஆனால் கையடக்கக் கருவியைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டு வந்தால் படிக்கிறது என்றால், இடத்தில்தான் சந்தேகம். பூச்சு, உலோக விளிம்பு, சன் ஃபிலிம் இவற்றில் ஒன்று குறுக்கே நிற்கிறது. மிக அருகில் கொண்டு வந்தாலும் படிக்கவில்லை என்றால் டேக் பழுதாகியிருக்கலாம், அல்லது கண்ணாடிப் பூச்சு முழுவதுமாக மறைத்திருக்கலாம்.

உங்களுக்கு முன்னால் போன கார்களும் நின்று நின்று போகின்றனவா? அப்படியானால் டோல்கேட் கருவியில்தான் கோளாறு. இதற்காக 2018 மே மாதம் ஒரு விதி வந்தது. செல்லத்தக்க, இயங்கும் நிலையில் உள்ள டேக்கும், கணக்கில் போதிய பணமும் இருந்து, டோல்கேட்டின் கருவி பழுதானதால் கட்டணம் எடுக்க முடியவில்லை என்றால், கட்டணமின்றிச் செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பூஜ்ய ரசீது தருவார்கள். இந்த உரிமையைக் கேட்க வேண்டுமானால் உங்கள் டேக் சரியான இடத்தில், சரியான நிலையில் இருக்க வேண்டும். புகார் சொல்ல 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

என் செல்போனில் என்.எஃப்.சி. இருக்கிறது. அதை வைத்து டேக்கைச் சோதிக்கலாமா?

முடியாது. என்.எஃப்.சி. வேலை செய்வது 13.56 மெகாஹெர்ட்ஸில். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் பேசும் மொழி வேறு.

மின்சார காருக்கு டோல் கட்டணமே இல்லை என்கிறார்களே?

தேசிய நெடுஞ்சாலைகளில் அப்படிப் பொது விலக்கு தரப்படவில்லை. பச்சை நம்பர் பிளேட் இருந்தாலும் கார் கார்தான். மகாராஷ்டிர அரசு 2025 ஆகஸ்டில் மும்பை அடல் சேது போன்ற சில சாலைகளில் மின்சார கார்களுக்கு விலக்கு அளித்தது. அது அந்த மாநிலத்தின் முடிவு.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் டெஸ்லா வைத்திருக்கிறான். அங்கும் இதே பிரச்சினையா?

அதே பிரச்சினைதான். டெஸ்லாவின் கையேடு டிரான்ஸ்பாண்டரை மிர்ரரின் பயணியர் பக்கத்தில் வைக்கச் சொல்கிறது. அங்கே அது வலது பக்கம். அங்கு ஈஇசட் பாஸ் போன்ற அமைப்புகளில் பேட்டரியுள்ள சிறு பெட்டிகளும் உண்டு. அவற்றைக் கழற்றி மாட்டலாம் என்பதால் இடத்தை மாற்றிப் பார்ப்பது சுலபம். நம்முடையது ஸ்டிக்கர். ஒட்டும் முன்பே இடத்தை முடிவு செய்தாக வேண்டும்.

வெயிலுக்காகக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டலாமா?

உலோகம் கலந்த ஃபிலிம் என்றால் நீங்களே காசு கொடுத்து அந்த வெள்ளித் திரையை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். சிக்னல் போகாது. ஃபிலிம் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பும் அளித்துள்ளது. அதையும் மனதில் கொள்ளுங்கள்.

கண்ணாடியை மாற்றினால் பழைய டேக்கை எடுத்து ஒட்டலாமா?

முடியாது. உரிக்கும்போதே கிழிந்துவிடும். அதே வங்கியில் மாற்று டேக் கேளுங்கள். கண்ணாடி மாற்றும்போது பழைய கண்ணாடியில் பூச்சு இருந்ததா, புதியதில் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். கேமரா உள்ள கார் என்றால், புதுக் கண்ணாடி போட்ட பிறகு கேமராவை மறுபடி சரிசெய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி வரும் நாட்களில் இந்த ஸ்டிக்கரின் இடம் இன்னும் முக்கியமாகப் போகிறது. கேட்டே இல்லாமல், வண்டியை நிறுத்தாமல், ஓடும் வேகத்திலேயே டேக்கையும் நம்பர் பிளேட்டையும் படித்துக் கட்டணம் எடுக்கும் முறைக்காக 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி டோல்கேட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். அங்கே பின்னால் வந்து முன்னால் போக வாய்ப்பு இல்லை, கையடக்கக் கருவியோடு இறங்கி வர ஆளும் இல்லை. எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, கையேட்டைத் திறந்து, உங்கள் காரின் டேக் இருக்கும் இடத்தை ஒரு முறை சரி பார்த்துவிடுங்கள்.